பின்சீட்டுத் தொழிலதிபர் ஆவது எப்படி?

நெய்வேலியில் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "பர்மனென்டா, கான்ட்ராக்டா?" இதற்கு மூன்றாவதாக ஒரு பதில் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. "சைக்கிளுக்குப் பின்சீட்டு செய்து விற்கிறேன்" என்ற அந்த மூன்றாவது பதிலைச் சொல்லத் துணிந்துவிட்டவர்களுக்கானது இந்த வழிகாட்டி. துணியாதவர்களும் படிக்கலாம், மாதச் சம்பளத்தின் மேல் மரியாதை கூடும்.

பின்சீட்டு மட்டும் சோறு போடாது என்பதால் குழந்தை சீட்டு, ஃபுட்ரெஸ்ட், வலைத் தடுப்பு, கூடை, கண்ணாடி, குஞ்சம் எல்லாம் இதில் அடக்கம். படிப்படியாகச் சொல்கிறேன். எந்தப் படியில் வேண்டுமானாலும் இறங்கிக்கொள்ளலாம்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

சைக்கிள் விடுவதற்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அபூர்வம். சமதரை. அகலமான சாலை, இருபுறமும் மரம். வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்பு. மேடும் பள்ளமும் வேண்டுமென்றால் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். ஒரு காலத்தில் ஷிப்டு மாறும் நேரத்தில் சாலை முழுக்க சைக்கிள்தான். ஹேண்டில்பாரில் டிபன் கேரியர் ஆடும். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்து சங்கத் தேர்தல் பேசிக்கொண்டே வருவார். அந்தக் காலத்தில் இந்தத் தொழிலைத் தொடங்கியிருக்க வேண்டும். அப்போது நீங்கள் பிறக்கவில்லை, அல்லது டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள்.

இனி சந்தை ஆய்வு. காலையில் ஆர்ச் கேட் பக்கம் ஒரு டீயோடு நின்று எண்ணுங்கள். ஸ்கூட்டர்களை விட்டுவிடுங்கள், மனம் உடைந்துவிடும். மிஞ்சும் சைக்கிள்காரர்கள் நான்கு வகை.

முதல் வகை, மருத்துவர் சொன்னதால் சைக்கிள் விடும் ஓய்வுபெற்றவர். கியர் சைக்கிள், ஹெல்மெட், கையில் துடிப்பை அளக்கும் கடிகாரம். பின்னால் யாரையும் ஏற்ற மாட்டார். ஏறவும் யாரும் இல்லை, அவர் மனைவி நடைப்பயிற்சிக்குத் தனியாகப் போகிறார். இரண்டாம் வகை, சுற்றுக் கிராமங்களிலிருந்து டவுன்ஷிப்புக்கு வேலைக்கு வருகிறவர்கள். இவர்கள் சைக்கிளில்தான் உண்மையாகவே இருவர் போகிறார்கள். ஆனால் இவர்களிடம் சீட்டு வாங்கப் பணம் இல்லை. மூன்றாம் வகை, பள்ளி மாணவர்கள். ஒரு சைக்கிளில் மூவர் போவார்கள். மூவரிடமும் பணம் இல்லை. நான்காம் வகை, பால், கீரை, முறுக்கு வியாபாரிகள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் அவர்களுக்கு நஷ்டம்.

ஆக, பணம் இருப்பவருக்குப் பின்சீட்டு தேவையில்லை. பின்சீட்டு தேவைப்படுபவரிடம் பணம் இல்லை. சந்தை ஆய்வு முடிந்தது. இத்தனைக்குப் பிறகும் உற்சாகம் குறையவில்லை என்றால் நீங்கள் பிறவித் தொழிலதிபர்.

படி 2: இடம் பிடியுங்கள்

குவார்ட்டர்ஸ் பின்பக்கம் தோட்டம் இருக்கிறதே, அங்கே வெல்டிங் மெஷின் வைத்தால் என்ன என்று தோன்றும். வேண்டாம். வீடு நிலக்கரிக் கம்பெனியுடையது, தோட்டம் கம்பெனியுடையது, நீங்கள் அணைத்துக்கொண்டிருக்கும் மாமரமும் கம்பெனியுடையது. அப்பா ஓய்வுபெற்றதும் எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம் என்று வெளியே பாருங்கள். பத்துக்குப் பதினைந்து ஷெட், மேலே தகரம், முன்னால் ஒரு வேப்பமரம் போதும்.

மின்சாரத்துக்குப் பஞ்சம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நெய்வேலியில் பிறக்கும் மின்சாரம் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், புதுச்சேரி என்று பல வீடுகளுக்கு வாக்கப்பட்டுப் போகிறது. உங்கள் ஷெட் அந்தப் பட்டியலில் கடைசி. பாதி வெல்டிங்கில் கரண்ட் போனால் அந்த மூட்டை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் மேலே பூசி மூடாதீர்கள். கசடைத் தட்டி எடுத்து, தேய்த்து, புதிதாக அடியுங்கள். மேலே வழவழப்பாக, உள்ளே பொக்கையாக இருக்கும் வெல்டிங், ஆள் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

படி 3: யாருக்காகச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் தொழிலின் முழுச் சூட்சுமமும் இந்தப் படியில்தான் இருக்கிறது. காசு கொடுப்பவர் முன்னால் உட்காருகிறார். நீங்கள் செய்யும் பொருளில் உட்காருபவர் பின்னால் இருக்கிறார். முதலாமவர் கேட்பது: "வண்டி பார்க்க எப்படி இருக்கும்?" இரண்டாமவர் கேட்க நினைப்பது: "இன்னும் எவ்வளவு தூரம்?" இரண்டாவது கேள்வி கடைவரை வருவதே இல்லை.

சைக்கிளைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நம் ஊரில் ஓடும் பழைய கறுப்பு 28 இஞ்ச் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ், பின் சக்கரத்தில் 40. இங்கிலீஷ்காரன் காலத்துக் கணக்கு; சுமை பின்னால்தான் விழும் என்று தெரிந்தே எட்டு கம்பி கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்குத் தோல் சீட்டு, அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங். பின்னால் வருகிறவருக்கு இரும்புக் கம்பிகள் நான்கு, மேலே ஒரு கிளிப். அந்தக் கிளிப்பும் நோட்டுப் புத்தகத்தைப் பிடிப்பதற்கு. அதாவது பின்னால் வருகிற எடையைக் கணக்கில் எடுத்தார்கள்; அந்த எடைக்கு இடுப்பு இருக்கும் என்பதை எடுக்கவில்லை.

எனவே முடிவு செய்யுங்கள். காசு கொடுப்பவருக்குப் பிடித்த மாதிரி செய்தால் சீக்கிரம் பணம் சேரும்: பளபளப்பான குழாய், சிவப்பு ரெக்சின், பின்னால் ஒரு ரிஃப்ளெக்டர், ஏதாவது நடிகர் படம். உட்காருபவருக்குப் பிடித்த மாதிரி செய்தால் வியாபாரம் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் உங்களைத் திட்டிக்கொண்டு ஊரில் யாரும் இறங்க மாட்டார்கள். இந்த வழிகாட்டி இரண்டாவது வகை முட்டாள்களுக்காகத் தொடர்கிறது.

படி 4: சீட்டைச் செய்யுங்கள்

எளிது. அடிச்சட்டத்துக்குக் குழாய் அல்லது பட்டை, மேலே பிளைவுட், அதன்மேல் ஃபோம், அதைப் போர்த்த ரெக்சின். எளிது என்று சொன்னதை நம்பி எல்லோரும் தவறு செய்யும் இடங்கள் மட்டும் கீழே.

எங்கே உட்கார வைப்பது? பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் எடை போனால் முன்சக்கரம் லேசாகிவிடும். மேம்பாலத்தில் ஏறும்போது ஹேண்டில் கையில் இருக்கும், வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. அச்சுக்கு முன்னால் கொண்டுவந்தால் சமநிலை நன்றாக வரும். ஆனால் உட்காருபவரின் முழங்கால் ஓட்டுகிறவரின் இடுப்பில் இடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சரியான இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பவருக்குப் பட்டம் எதுவும் தர மாட்டார்கள்.

எதில் மாட்டுவது? சீட்டின் இரண்டு கால்களும் பின் அச்சின் நட்டில்தான் வந்து உட்கார வேண்டும். அங்கே ஏற்கெனவே மட்கார்டு கம்பி, கேரியர் கம்பி, ஸ்டாண்டு எல்லாம் இடம் பிடித்திருக்கும். உங்கள் பட்டையையும் சேர்த்தால் நட்டு பிடிக்க மரை போதாது. இரண்டு சுற்று மட்டும் பிடித்துக்கொண்டு நட்டு நிற்கும். பார்ப்பதற்கு இறுகியது போலவே இருக்கும். அச்சை நீளமானதாக மாற்றிப் போடுங்கள். அதற்கு ஆகும் செலவை வாடிக்கையாளர் கேட்டதும், "சீட்டுக்குத்தானே வந்தேன், அச்சுக்கு எதுக்குண்ணே காசு?" என்பார். பதில் சொல்லாமல் பழைய அச்சில் நட்டு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று காட்டுங்கள்.

எவ்வளவு தாங்கும்? ஐரோப்பாவில் சைக்கிள் குழந்தை சீட்டுக்கென்றே தரநிலை இருக்கிறது. 9 முதல் 22 கிலோ வரையிலான குழந்தைக்கு அது பேசுகிறது. நம்மிடம் அதைவிடக் கடுமையான சோதனைச் சாலை இருக்கிறது: பண்ருட்டி. சீசனில் ஒரு நல்ல பலாப்பழத்தை வாங்கிச் சீட்டில் கட்டி, சாலை போட ஜல்லி கொட்டிய இடத்தில் ஓட்டுங்கள். பழம் தாங்கினால் இரண்டு பழம் கட்டுங்கள். ஆள் சும்மா உட்கார்ந்திருக்கும் எடை வேறு, பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது சீட்டின் மேல் வந்து விழும் அடி வேறு. இரண்டாவதைத் தாங்கினால்தான் அது சீட்டு. ஒரே குறை, பழம் எத்தனை அடி பட்டாலும் முனகாது. ஆகவே கடைசிச் சோதனைக்குப் பெரியம்மா ஒருவரை ஏற்றுங்கள். அவர் இறங்கியதும் சொல்வதைக் குறிப்பெடுங்கள். கெட்ட வார்த்தைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அவைதான் தொழில்நுட்ப விவரம்.

எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார்? படத்தில் எல்லோரும் இருபக்கமும் கால் போட்டு உட்காருகிறார்கள். புடவை கட்டியவர் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். அப்போது எடை ஒரு பக்கம் சாயும். ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்து சமாளிப்பார். சீட்டை நீளமாகச் செய்வதோடு நிறுத்தாமல், ஒருபக்கமாக உட்காருபவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் ஓட்டுகிறவரின் சட்டையைப் பிடிப்பார். இழுபட்ட சட்டையோடு ஓட்டுகிறவர் யாரைத் திட்டுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: காலை மறக்காதீர்கள்

இந்தப் படியில் மட்டும் கேலி குறைவு. பின்னால் உட்காரும் குழந்தையின் குதிகால் ஓடும் ஸ்போக்ஸுக்குள் போவது எலும்பு மருத்துவர்களுக்கு நன்கு பழகிய விபத்து. கம்பி தோலைக் கிழிக்கும், சில சமயம் எலும்பையும் உடைக்கும். செருப்பு போட்டிருந்தாலும் தப்பாது. அதைத் தடுக்கத் தேவையானவை இரண்டே பொருள்: கால் வைக்க ஒரு ஃபுட்ரெஸ்ட், சக்கரத்தை மறைக்க ஒரு வலைத் தகடு. இரண்டும் சேர்ந்தாலும் சிவப்பு ரெக்சினைவிட மலிவு. ஆனால் வாடிக்கையாளர் ரெக்சினைத்தான் தடவிப் பார்ப்பார்.

நெதர்லாந்தில் கேரியரில் ஆள் உட்காருவது குற்றமில்லை. பெரியவர்களே உட்கார்ந்து போகிறார்கள். ஆனால் 8 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் முதுகுக்கும் கைக்கும் காலுக்கும் தாங்கல் உள்ள சீட்டு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நம் ஊரில் சட்டத்தின் இடத்தை அம்மாக்கள் நிரப்புகிறார்கள்: "காலை விரிச்சு வச்சுக்கோடா!" குழந்தை ஐந்து நிமிடம் விரித்து வைத்திருக்கும். பிறகு அதற்குத் தூக்கம் வரும்.

எனவே உங்கள் கடையின் விதி ஒன்றே ஒன்று இருக்கட்டும்: வலைத் தகடு இல்லாமல் குழந்தை சீட்டு விற்பதில்லை. "தகடு வேணாம்ணே, சீட்டு மட்டும் குடுங்க" என்பவரிடம், "சீட்டு வேணாம்னா தகடு மட்டும் வாங்கிட்டுப் போங்க தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். பேரம் போகலாம். போகட்டும்.

முன்பாரில் மாட்டும் குழந்தை சீட்டையும் இதே கவனத்தோடு செய்யுங்கள். அதற்கு நல்ல வரலாறு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். வாங்கிய பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். குறுக்கே போகும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா? அந்தப் பெண்கள் தீர்த்துவைத்த சிக்கலுக்குத்தான் நீங்கள் ஃபோம் வைத்துக் காசு வாங்கப் போகிறீர்கள்.

படி 6: ரெக்சின் தேர்வு

கறுப்பு ரெக்சின் அழுக்கு தெரியாது என்பார் கடைக்காரர். உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் சைக்கிள் ஸ்டாண்டில் மூன்று மணி நேரம் நின்ற கறுப்பு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். அழுக்கு தெரியாமல் இருப்பது மட்டுமே வாழ்க்கையில் முக்கியமில்லை என்று புரியும். வெளிர் நிறம் எடுங்கள். செம்மண் புழுதி படியும், துடைத்தால் போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குச் சீட்டின் அடியில் நான்கு துளை போடுங்கள். தையல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகத்தான் செய்யும். வெளியே வர வழி இல்லாவிட்டால் ஃபோம் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, நீங்கள் நல்ல வேட்டி கட்டிய நாளில் கக்கும். குழாயின் வாயை அடைத்துவிடுங்கள். துரு எப்போதும் உள்ளிருந்து வரும். பெயின்ட் அதைக் கடைசி நாள் வரை மறைத்துக் காட்டும்.

படி 7: துணைப்பொருள்களில்தான் லாபம்

சீட்டு விற்று யாரும் வீடு கட்டியதில்லை. குஞ்சம், மணி, சீட் கவர், கூடை, பின் பார்க்கும் கண்ணாடி ஆகியவற்றில்தான் காசு. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சரக்கு கையில் இருக்க வேண்டும். அரசு இலவச சைக்கிள் திட்டம் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, 2005-இல் அரசு, உதவிபெறும் பள்ளிகளில் 11-ஆம் வகுப்பு படிக்கும் எல்லோருக்கும் விரிந்தது. வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி. அந்த ஸ்டாண்டில் தன் வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளைக்கு ஏதாவது அடையாளம் வேண்டும். அடையாளம்தான் உங்கள் வியாபாரம். கேரியருக்கு மாட்டும் மெத்தை, நிறக் கைப்பிடி, பெயர் எழுதிய மட்கார்டு ரப்பர். பேர் எழுதும்போது எழுத்துப்பிழை வேண்டாம். பிள்ளைகள் மன்னிப்பார்கள், தமிழாசிரியர் மன்னிக்க மாட்டார்.

டைனமோவை மீண்டும் விற்கப் பாருங்கள். 6 வோல்ட், 3 வாட். நெய்வேலியில் மின் நிலையம் வைத்திருக்கிறேன் என்று நீங்களும் சொல்லிக்கொள்ளலாம். சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 600 மெகாவாட். 1962-இல் ஓடத் தொடங்கி 2020-இல் நிறுத்தப்பட்டது. உங்கள் 3 வாட் நிலையம் சக்கரம் சுற்றும்வரை ஓடும், சாம்பலும் வராது. ஆனால் டயரில் உரசி மிதிப்பதைக் கனமாக்கும். பின்னால் ஆள் இருக்கும்போது டைனமோவும் போட்டால் ஓட்டுகிறவர் இரண்டையும் ஒன்றாகத்தான் திட்டுவார். ஆகவே பேட்டரி விளக்கும் இருப்பு வையுங்கள்.

கியர் சைக்கிள் வந்த பிறகு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை. சட்டகத்தில் மாட்டத் துளைகூட இல்லை. டிஸ்க் பிரேக் வேறு உங்கள் பட்டை போகும் வழியில் குறுக்கே உட்கார்ந்திருக்கும். அதற்கென்று வளைத்து, ரப்பர் வைத்த கிளாம்ப்போடு ஒரு கேரியர் செய்தால், கறிவேப்பிலை வாங்க ஆயிரக்கணக்கில் விலையுள்ள வண்டியில் போய்ப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரும் ஓய்வுபெற்ற சார் உங்கள் வாடிக்கையாளர் ஆவார். முதல் படியில் தோற்ற இடத்தில் இங்கே ஒரு கோல் போடலாம்.

படி 8: லூதியானாவுடன் மோதாதீர்கள்

விலை வைக்கும் நாள் வந்துவிட்டது. ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். இரும்பு 140, பிளைவுட், ஃபோம், ரெக்சின் 110, வெல்டிங் 30, பெயின்ட் 25, நட்டு போல்ட் 20, கூலி 100. மொத்தம் 425 ரூபாய். உங்கள் லாபத்தைச் சேர்ப்பதற்குள் வாடிக்கையாளர் செல்போனைக் காட்டுவார்: "இதே சீட்டு 350-க்கு வீட்டுக்கே வருதே அண்ணே?"

வருவது பெரும்பாலும் லூதியானாவிலிருந்து. இந்திய சைக்கிள் உதிரிபாகத்தின் தலைநகர் அது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்த அதே 1956-இல் ஹீரோ சைக்கிள்ஸ் அங்கே பிறந்தது. அதைத் தொடங்கிய முஞ்சால் சகோதரர்களும் உதிரிபாக வியாபாரத்தில்தான் ஆரம்பித்தார்கள். 1986-இல் உலகிலேயே அதிக சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸில் ஏறினார்கள். இந்தத் தகவலை வங்கி மேலாளரிடம் சொல்லலாம், வீட்டில் சொல்ல வேண்டாம், எதிர்பார்ப்பு ஏறிவிடும்.

லூதியானா சீட்டு எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். எந்த வண்டிக்கும் முழுதாகப் பொருந்தாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் பலம் அங்கேதான். விலையில் ஓடாதீர்கள், அளவெடுத்து மாட்டிக்கொடுங்கள். ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி நட்டுகளைக் காசு வாங்காமல் இறுக்கிக்கொடுங்கள். லூதியானாவிலிருந்து ஸ்பேனரோடு யாரும் வர மாட்டார்கள்.

படி 9: மேல்மண்ணை அகற்றுங்கள்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரியைத் தொடுவதற்கு முன் ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். தொழிலிலும் அப்படித்தான், மண்ணின் பெயர் காகிதம்.

உத்யம் பதிவு செய்யுங்கள். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணமே இல்லை. ஆதாரும் பான் எண்ணும் போதும். "நான் எடுத்துத் தர்றேன், ரெண்டாயிரம் ஆகும்" என்று ஒருவர் வருவார். அவருடைய தொழில் உங்களுடையதைவிட லாபமானது. முதலுக்கு முத்ரா கடன் கேளுங்கள்: 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர். பிணை தேவையில்லை என்று திட்டத்தில் இருக்கிறது. வங்கியில், "உங்க அப்பா எந்த டிவிஷன்ல இருக்கார்?" என்று கேட்பார்கள். அது பிணை இல்லை, குசலம்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் கவனம். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. நிம்மதியாக இருப்பீர்கள். அப்போது புதுச்சேரியிலிருந்து ஒரு கடைக்காரர், "இருபது சீட்டு அனுப்புங்க" என்று போன் செய்வார். பக்கத்து ஊர்தானே, காலையில் போய் மத்தியானம் வந்துவிடலாம். ஆனால் வரிக் கணக்கில் அது வெளிமாநிலம். எல்லை தாண்டிச் சரக்கு அனுப்பினால் இருபது சீட்டுக்கும் பதிவு கட்டாயம். கடலூரைத் தாண்டிப் போகிற பேருந்தில் எந்த நிறுத்தத்தில் தமிழ்நாடு முடிகிறது என்று பயணிகளுக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. நீங்கள் வாங்கும் இரும்புக்கு 18. பதிவு செய்தவர் அந்தக் கூடுதலைக் கணக்குக் காட்டித் திருப்பிக் கேட்கலாம்; பதிவு செய்யாதவர் அதையும் சீட்டின் விலையில் சேர்த்துவிட்டு, படி 8-இல் வந்த செல்போன்காரரை மறுபடியும் சந்திக்கலாம்.

படி 10: வாடிக்கையாளர் பேச்சுக்குப் பதில்கள்

"இதுல எத்தனை பேர் உட்காரலாம்?" ஒருவர். இரண்டு என்று சொன்னால் மூவர் உட்காருவார்கள்.

"கியாரண்டி உண்டா?" வெல்டிங்குக்கு உண்டு. பள்ளத்துக்கு இல்லை.

"மூணாவது வட்டத்துல எங்க மாமா இருக்கார், அவருக்காகக் குறைச்சுக்கோ." ஒவ்வொரு வட்டத்திலும் யாருக்காவது மாமா இருக்கிறார். மாமாவை அழைத்துவரச் சொல்லுங்கள்; வந்தால் அவருக்கும் ஒரு மணி விற்கலாம்.

"வண்டியே பழசு, இதுக்குப் போய் புது சீட்டா?" பழைய வண்டியில்தான் பின்னால் ஆள் ஏறுகிறார். புது வண்டியைக் கவர் போட்டு வைத்திருக்கிறார்கள்.

"எனக்குச் சீட்டு எல்லாம் வேணாம், என் வீட்டுக்காரிதான் கேட்டா." இவர்தான் ஆண்டு முழுக்க நீங்கள் காத்திருந்த ஆள். மரியாதையாக உட்கார வைத்து, "அக்காவையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க, அளவு பார்த்து மாட்டித் தர்றேன்" என்று சொல்லுங்கள்.

படி 11: எங்கே விற்பது

வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்துக்குக் கூட்டம் கூடும் நாளில், வழியில் ஒரு காற்றடிக்கும் பம்பும் தண்ணீர்க் குடமும் வையுங்கள். காற்று இலவசம். நடந்து களைத்த குழந்தையைத் தூக்கி கேரியரில் வைக்கும் அப்பாவிடம் பேச அதைவிட நல்ல நேரம் இல்லை. 1998-இல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் ஸ்டால் பிடிக்க ஆசைப்படாதீர்கள், அங்கே புத்தகம்தான் விற்பார்கள். வெளியே வருகிறவர்களைப் பாருங்கள்: இரண்டு பை நிறையப் புத்தகம், ஒரு குழந்தை, ஒரு சைக்கிள். கூடையும் சீட்டும் ஒரே நேரத்தில் தேவைப்படும் குடும்பம் அது.

விளம்பரப் பலகையில் ஓட்டுகிறவர் படம் வேண்டாம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம் வையுங்கள். ஊரே நின்று பார்க்கும். அப்படி ஒருவரை யாரும் பார்த்ததில்லை.

படிகள் முடிந்தன. இவ்வளவையும் செய்து நீங்கள் பணக்காரர் ஆவீர்களா என்று கேட்டால், மாட்டீர்கள். நல்ல பின்சீட்டு சீக்கிரம் உடையாது, உடையாத பொருளை ஒருவர் இரண்டாவது முறை வாங்க மாட்டார். ஆனால் சைக்கிள் வந்து இத்தனை காலமாகியும் பின்னால் வருகிறவரைச் சரக்காக எண்ணாமல் ஒரு பொருளைச் செய்தவர்கள் குறைவு. அந்தக் குறைவான பட்டியலில் ஒரு பெயர் காலியாக இருக்கிறது.

சீட்டு வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரெக்சினைத் தடவிப் பார்ப்பதற்கு முன், சைக்கிளை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் உட்கார்ந்து ஒரு வட்டத்தைச் சுற்றி வாருங்கள். இறங்கிய பிறகு விலை பேசலாம்.